கடலடிச் சான்றுகளும் ஈழத்து வரலாறும்

ஈழத்து வரலாற்றை எழுதுவோர் கல்வெட்டு, நாணயம், கட்டட அழிபாடு, பிறநாட்டார் குறிப்பு என்பனவற்றையே பெரும்பாலும் சான்றாகக் கொண்டு வந்துள்ளனர். இத்தீவைச் சூழ்ந்த கடலின் அடியிற் கிடக்கும் கப்பற்சிதைவுகள் அவ்வரிசையிற் சேர்ந்தமை அண்மைக் காலத்திலேயாம். 1943 ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டவரான குஸ்தோவும் கான்யானும் காற்றுக் கலத்தோடு கூடிய சுவாசக் கருவியை உருவாக்கினர். அதன் பின்னரே சுழியோடி ஒருவன் மேலிருந்து வரும் குழாயின் துணையின்றி நீரடியில் உலாவி ஆராய்தல் எளிதாயிற்று. ஆயினும், கருவி கிட்டியவுடன் வரலாறும் கிட்டிவிடவில்லை. கண்டதை எடுத்தல் வேறு; கண்டதை அறிதல் வேறு.

தென்கிழக்குக் கரையிற் கிரிந்தைக்கு அப்பால், சிங்கள மக்கள் 'மகா இராவணன் கோட்டை' என வழங்கும் பாறைத்தொடர் உளது. கப்பல்களுக்குக் கூற்றுவனாய் விளங்கிய அவ்விடத்தில் 1873 இல் வெளிச்சவீடு எழுந்தது. 1961 மார்ச்சில் மைக் வில்சன் என்பார் அமெரிக்கச் சிறுவர் இருவருடன் அங்கு சுழியோடியபோது, கட்டிகளாய் இறுகிய வெள்ளி நாணயங்களைக் கண்டார். அவை ஔரங்கசீப்பின் ஆட்சியில், ஹிஜ்ரி 1113 இல் (கி.பி. 1701–1702), சூரத்து அக்கசாலையில் அடிக்கப்பட்டவை. வில்சனின் நண்பரும் எழுத்தாளருமான ஆர்தர் சி. கிளார்க் இக்கண்டுபிடிப்பை 1964 இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். நாணயங்கள் யாவும் ஒரே ஆண்டைச் சேர்ந்து, கைமாறித் தேயாதிருந்தமையால், அவை அக்கசாலையிலிருந்து நேரே ஏற்றப்பட்டன என ஊகிக்கலாம். எனினும் அக்கப்பல் எவருடையது, எங்குச் சென்றது என்பவற்றை வெள்ளி கூறவில்லை.

காலித் துறைமுகத்தில் நிகழ்ந்தது இதனின்றும் வேறானது. 'அவொண்ட்ஸ்டர்' என்னும் ஒல்லாந்தக் கப்பல், நாகபட்டினத்துக்குப் பாக்கு ஏற்றவிருந்த வேளையில், 1659 இல் நங்கூரம் இழுபட்டுக் கரையருகே உடைந்து மூழ்கியது. 2001 முதல் இலங்கைத் தொல்லியலாளர் நெதர்லாந்தின் உதவியுடன் அதனை அகழ்ந்தனர். அங்குப் பொற்குவியல் எதுவுமில்லை. கயிற்றுச் சுருளும் செங்கல்லாலான அடுப்படியும் இருந்தவிடத்திலேயே அளந்து பதியப்பட்டன. மாலுமிகளின் அன்றாட வாழ்வை அவையே புலப்படுத்தின. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை ஆய்வுப் பிரிவின் கரையோர நிலையத்தை அழித்தபோது, கடலினின்று மீட்கப்பட்டவற்றுட் சிலவற்றைக் கடலே மீண்டும் கொண்டு சென்றது.

கொடவாயச் சிதைவு இவையெல்லாவற்றினும் பழையது. ஏறத்தாழ 33 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் இதனை 2003 இல் முதலிற் கண்டவர் அவ்வூர்ச் சுழியோடிகளே. கண்ணாடிப் பாளங்களும் கல்லம்மிகளும் ஏற்றிய அக்கலம் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டது. கரையிலுள்ள கஜபாகு மன்னனின் கல்வெட்டு, அத்துறையின் சுங்க வருவாய் விகாரைக்கு அளிக்கப்பட்டதைக் கூறுகின்றது. கல்வெட்டு வரியைச் சொல்ல, கடல் சரக்கைக் காட்டுகின்றது. இரண்டும் இணைந்தாலன்றி அத்துறைமுகத்தின் வாணிகம் முழுமையாக விளங்காது.

ஆகவே, சிதைவொன்றிலிருந்து நினைவுப் பொருளாகக் கொண்டுவரப்படும் ஓட்டுத்துண்டு வெறும் ஓடேயாகும். அது எதன் அருகில், எந்த ஆழத்தில், எவ்வாறு கிடந்தது என்ற செய்தி எடுத்த கணத்திலேயே அழிந்துவிடுகின்றது. முருகைக்கற்பார்களும் மணலும் பல நூற்றாண்டுகள் காத்தளித்த ஏடுகள் இவை. ஒருமுறை கிழிந்தால் மீளப் பொருத்தவியலாத இவ்வேடுகளைப் படித்தறியும் பொறுப்பு, கடலிற் குதிக்கும் ஒவ்வொரு சுழியோடிக்கும் உரியதாகும்.