மரணதண்டனையும் அரசின் அச்சமும்

கடுந்தண்டனை குற்றத்தைத் தடுக்கும், பாதிக்கப்பட்டோரின் நீதியுணர்வை நிறைவுசெய்யும் என்பர் அதன் ஆதரவாளர். இவ்வாதங்களை, குறிப்பாக இரண்டாவதனை, நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் இலங்கை வரலாறு அவற்றை உரைத்துப் பார்த்துள்ளது.

1956 இல் பதவியேற்ற பண்டாரநாயக்க அரசாங்கம் மரணதண்டனையை நிறுத்திவைத்து, 1958 இல் அதற்குச் சட்டவடிவம் அளித்தது. நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழு 1959 இல் அத்தண்டனையை ஒழிக்குமாறே பரிந்துரைத்தது. ஆயின், அவ்வாண்டு செப்ரெம்பரில் பிரதமர் சுட்டுக்கொல்லப்பட்டதும், ஆய்வின் முடிவு புறந்தள்ளப்பட்டது. ஆளுவோரின் அச்சமும் சினமுமே சட்டமாயின. முன்நிகழ்ந்த கொலைக்கும் செல்லுமாறு தூக்குத்தண்டனை மீட்கப்பட்டது. ஆனால் சதிக்குற்றம் அம்முன்னோக்கிய ஏற்பாட்டின் வாசகத்துள் அடங்கவில்லை.

இதன் விளைவு யாது? சதிக்குத் தலைமை தாங்கிய, செல்வாக்கு மிக்க புத்தரக்கித்த தேரரும் அவருடைய கூட்டாளி ஜயவர்த்தனவும் மேன்முறையீட்டில் ஆயுட்சிறையுடன் உயிர்தப்பினர். சுட்ட சோமராம 1962 இல் தூக்கிலிடப்பட்டார். திட்டமிட்டவர் வாழ, கருவியானவர் மாண்டார்.

1976 இன் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் 2019 இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. குற்றம் பிறக்கும் சமூக நிலைமைகளை மாற்ற இயலாத அரசே தூக்குக்கயிற்றை நாடுகிறது என்பது நமது துணிபு.