மாடல் ராக்கெட் விடப் போறீங்களா? ஏவுதளத்தில் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

2024 ஆகஸ்ட் 24 அன்று, சென்னையை அடுத்த திருவிடந்தையில் இருந்து ‘ரூமி-1’ ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. இதில் விசேஷம் என்னன்னா, இடம் மாற்றக்கூடிய நடமாடும் ஏவுதளத்தில் இருந்து அது கிளம்பியது. அதற்கு முன்பு 2023 பிப்ரவரி 19-ல் பட்டிபுலத்தில் இருந்து, மாணவர்கள் உருவாக்கிய குட்டி செயற்கைக்கோள்களுடன் ஒரு ராக்கெட் ஏவப்பட்டது.

இரண்டுமே கடலோர ஊர்கள். மேலே போனது கீழே வந்தாகணும், அது ஆளில்லாத இடத்தில் விழணும் என்பதுதான் காரணம். கடலே இல்லாத கள்ளக்குறிச்சியில், பொழுதுபோக்காக மாடல் ராக்கெட் விட நினைப்பவர்கள் என்ன செய்வது? பார்க்கலாம்.

கம்பி எதற்கு?

மாடல் ராக்கெட்டின் உடல் காகிதக் குழாய்தான். அதன் வால் இறக்கைகள் வேகம் பிடித்த பிறகே ராக்கெட்டை நேராக வைத்திருக்கும். அதுவரை வழிகாட்டுவது ஏவுதளத்தில் இருக்கும் கம்பி. சின்ன ராக்கெட்டுக்கு 3 மி.மீ. தடிமன், சுமார் 90 செ.மீ. நீளம் போதும். கனமான ராக்கெட்டை மெல்லிய கம்பியில் மாட்டினால் கம்பி சாட்டை மாதிரி ஆடும், ராக்கெட் திசை மாறும். அதற்குத் தடித்த கம்பியோ அலுமினிய ரெயிலோ வேண்டும்.

கம்பியின் நுனி கண்ணில் குத்தாமல் இருக்க, ஏவாத நேரத்தில் மூடி போட்டு வைக்கணும்.

கால்கள் எப்படி இருக்கணும்?

அகலமாக விரியும் மூன்று கால்கள் நல்லது. ஈர வயலில் ஒரு கால் புதைந்தாலே மேடை சாய்ந்துவிடும், அதனால் அடியில் பலகை வைக்கலாம். கம்பி செங்குத்தில் இருந்து 30 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது.

தீ... ரொம்ப முக்கியம்!

மோட்டாரின் நெருப்பு நேராகத் தரையில் படாமல் தடுக்க இரும்புத் தகடு கட்டாயம். அறுவடை முடிந்த கரும்பு வயலில் காய்ந்த சோகை கிடக்கும். ஒரு பொறி விழுந்தாலும் பக்கத்து வயல் வரை எரியும். மேடையைச் சுற்றிலும் சருகை அகற்றி, தண்ணீர் தெளித்து வைக்கணும்.

கல்வராயன் மலையில் விடலாமா? வேண்டாம். கோடையில் அங்கே இலையுதிர் காடு காய்ந்து கிடக்கும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. தவிர, சரிவில் விழும் ராக்கெட்டைத் தேடி எடுப்பதும் சிரமம். மின்கம்பி இல்லாத சமவெளித் திடலே சரியான இடம்.

திடல் எவ்வளவு பெரிசு?

அமெரிக்க தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகள் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது:

• ‘ஏ’ வகை மோட்டார்: 30 மீட்டர்
• ‘பி’ வகை: 60 மீட்டர்
• ‘சி’ வகை: 120 மீட்டர்
• ‘டி’ வகை: 150 மீட்டர்

அதாவது ‘சி’ மோட்டாருக்குச் சாதாரண பள்ளி மைதானமே பத்தாது. ‘டி’ வரையிலான மோட்டாருக்கு 5 மீட்டர், அதற்கு மேல் 9 மீட்டர் தள்ளி நிற்கணும். காற்று மணிக்கு 32 கி.மீ.யைத் தாண்டினால் அன்றைக்கு ராக்கெட் விடக் கூடாது.

பற்ற வைப்பது எப்படி?

தீக்குச்சி, திரி எல்லாம் கூடாது. தூரத்தில் இருந்து இயக்கும் மின் சுவிட்ச் மட்டுமே. பற்றவில்லை என்றால் உடனே ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, 1 நிமிடம் காத்திருக்கணும்.

வெடிமருந்தை வீட்டில் கலந்து மோட்டார் செய்வது உயிருக்கே ஆபத்து, வெடிபொருள் சட்டத்திலும் சிக்க வைக்கும். ராக்கெட் விடுவதற்கு முன் நில உரிமையாளரிடமும் காவல் நிலையத்திலும் அனுமதி கேட்பது அவசியம்.

பள்ளிகளுக்கு எது பெஸ்ட்?

தண்ணீர் ராக்கெட்! கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் போதும். பிவிசி குழாயிலேயே ஏவுதளம் செய்துவிடலாம். நெருப்பே கிடையாது. ஆனால் இதுவும் வேகமாகத்தான் பாயும். அதனால் நீளமான கயிற்றை இழுத்து, தள்ளி நின்றே விடுவிக்கணும். பாட்டிலுக்கு மேலே யாரும் குனியக் கூடாது.