தோல் குத்துச் சோதனை (குழந்தைகளின் கரப்பான்)

எக்ஸிமா எனப்படும் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு உணவு, தூசிப்பூச்சி முதலியவற்றின் ஒவ்வாமை உண்டா என்றறியச் செய்யப்படும் சோதனை. முன்கையிலோ முதுகிலோ, கரப்பான் படராத இடத்தில், ஒவ்வாமைப் பொருளின் சாற்றை ஒவ்வொரு சொட்டாக வைத்து, சொட்டின் வழியே சிறு ஊசிமுனையால் மேல்தோலை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. ஒப்பிட்டுப் பார்க்க ஹிஸ்டமின் ஒரு சொட்டும் உப்புநீர் ஒரு சொட்டும் உண்டு. 15 முதல் 20 நிமிடத்தில் கொசுக்கடி போல எழும் தடிப்பை அளப்பார்கள். உப்புநீர்த் தடிப்பைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாக இருந்தால் நேர்மறை. செட்டிரிசின் போன்ற அரிப்பு மருந்துகள் முடிவைக் கெடுக்கும். சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். உடம்பெங்கும் கரப்பான் இருந்தால் ரத்தத்தில் ஐஜிஇ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருளின் அளவு பார்க்கப்படும்.

தடிப்பு எழுந்ததாலேயே அந்த உணவு ஆகாது என்று முடிவு கட்டக் கூடாது. கரப்பான் உள்ள பல குழந்தைகள், நேர்மறை வந்த உணவையே தொல்லையின்றிச் சாப்பிடுகிறார்கள். சோதனைத் தாளை மட்டும் நம்பிப் பால், முட்டை, கோதுமை என எல்லாவற்றையும் நிறுத்துவது வளரும் குழந்தைக்குப் பெரும் கேடு. எடை குறையலாம், நிறுத்திய உணவுக்கே பின்னர் கடும் ஒவ்வாமை வரவும் கூடும். சாப்பிட்டதும் என்ன நடந்தது என்று தாய் சொல்லும் விவரத்துக்கே முதல் மதிப்பு. ஐயம் தீராவிட்டால் மருத்துவமனையில், மருத்துவர் கண்முன், அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

உணவைத் தவிர்ப்பதன் விளைவை வேர்க்கடலையில் பார்த்த, லண்டனில் நடந்து 2015-இல் வெளியான லீப் ஆய்வில், கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். சோதனையில் வேர்க்கடலைக்குத் தடிப்பு எழாதவர்களில், அதைத் தவிர்த்தோரில் 5 வயதில் 13.7 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து உண்டோரில் 1.9 விழுக்காட்டினருக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது.