சிற்றிடமும் பல பறவைகளும்

தமிழிலே ‘கூடு’ என்னும் சொல் இருபொருள் தருவது. பறவை தானே பின்னிக்கொள்ளும் உறைவிடமும் கூடு. அப்பறவையை மனிதன் அடைத்து வைக்கும் கம்பிச் சிறையும் கூடு. முன்னதன் வாயில் என்றும் திறந்திருப்பது. பின்னதன் வாயில் பூட்டப்பட்டிருப்பது. சிறிய இடத்திற் பல பறவைகளை எவ்வாறு வைத்து வளர்ப்பது என்று இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கின்றனர். புதிய பொழுதுபோக்கிற் பிறந்த வினாப்போலத் தோன்றினும், இது ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய வினாவாகும்.

உரோமாபுரியில் வாரோ என்னும் பேரறிஞர் ஒருவர் வாழ்ந்தார். கி.மு. 37 ஆம் ஆண்டளவில், தம் எண்பதாம் வயதை எட்டிய நிலையில், வேளாண்மை பற்றி மூன்று பாகங்கள் கொண்ட நூலொன்றை அவர் எழுதினார். அதன் மூன்றாம் பாகத்திலே பறவைச் சாலை அமைக்கும் முறை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. சுவரிலிருந்து தரைவரை சாய்வாகக் கழிகளை நிறுத்தி, அவற்றின் குறுக்கே படிப்படியாகக் கோல்களைக் கட்டவேண்டும் என்கிறார் அவர். நாடக அரங்கின் இருக்கைகள் போல அவை வரிசையாக உயர்ந்து செல்லும். குறுகிய இடத்திலே பல பறவைகள் ஒன்றன் தலைக்கு நேர்மேலே மற்றொன்று அமராமல் இருப்பதற்கு இதனினும் எளிய வழி இன்றும் இல்லை. நீர் தேங்காது ஓடவேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார்.

ஆயினும் அச்சாலை விற்பனைக்கு உரியது. பறவைகளைக் கொழுக்க வைத்துக் கொல்வதற்கென்றே அமைக்கப்பட்டது. ஆதலின் அதற்குச் சாளரங்கள் சிலவே இருத்தல் வேண்டுமென்றும், அவற்றின் வழியாக வெளியிலுள்ள மரங்களோ பறவைகளோ தெரியலாகாதென்றும் வாரோ விதிக்கிறார். கண்டால் ஏக்கங்கொண்டு பறவைகள் மெலிந்துவிடுமாம்! கொல்லப்படும் பறவையை ஏனையவை காணாதபடி அருகிலே தனிச்சிற்றறை ஒன்றும் வேண்டுமென்கிறார். அடைபட்ட பறவைக்கும் உள்ளம் உண்டு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அறிந்தும், அவ்வறிவை வாயில் திறப்பதற்குப் பயன்படுத்தாது சாளரம் அடைப்பதற்கே பயன்படுத்தினார். அறிவுக்கும் அன்புக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக.

அவரே கூறும் வேறொரு செய்தி நகைப்பிற்குரியது. உலுக்குல்லசு என்னும் செல்வர் பறவைச் சாலையின் உள்ளேயே உணவறையை அமைத்தார். தட்டிலே சமைத்த பறவையும் கண்முன்னே பறக்கும் பறவையுமாக விருந்துண்ண அவர் விரும்பினார். ஆனாற் கண்ணுக்குக் கிடைத்த இன்பத்தைவிட மூக்குக்குக் கிடைத்த துன்பமே மிகுந்ததாம். சமையலறை மூலையிலும் படுக்கையறைத் தாழ்வாரத்திலும் கூடு தொங்கவிட எண்ணுவோர்க்கு இஃது ஏற்ற பாடமன்றோ?

பாரத நாட்டிலே அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் இருபதினாயிரத்திற்கு மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றுள் ஐந்நூறே உயர்ந்தவையாக மதிக்கப்பட்டன என்றும் அபுல் பசல் எழுதிய அயினி அக்பரி கூறுகிறது. மதுரையிலே மீனாட்சியம்மன் கோயிற் பொற்றாமரைக் குளத்தருகே உள்ள கிளிக்கூண்டு மண்டபத்தில், முன்னாளிலே கிளிகளைக் கூண்டில் வைத்து அம்மையின் திருப்பெயரைச் சொல்லப் பழக்கினர். இன்று அங்கே கிளிகள் இல்லை. மண்டபத்தின் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. இந்தியாவின் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அந்நாட்டுக் காட்டுக்கிளியைப் பிடித்து வளர்ப்பது இன்று குற்றமாகும்.

ஐரோப்பாவிலே கூட்டைச் சிறிதாக்கியது பெரும்பாலும் கனேரிக் குருவியின் வரலாறு எனலாம். கனேரித் தீவுகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அக்குருவியை, செருமனியின் ஆர்சு மலைச் சுரங்கத் தொழிலாளர் தம் சிறு குடில்களிலே வளர்த்து விற்றனர். இளங்குருவிகள் கைப்பிடி அகலக் கூடுகளில் அடைக்கப்பட்டு, மங்கிய வெளிச்சத்திலே பாட்டுப் பயின்றன. பின்னர், 1890களில், ஆல்டேன் என்னும் விஞ்ஞானி சுரங்கத்தின் நச்சு வாயுவை முன்னறிந்து காட்டச் சிறு பறவைகள் உதவும் என்று எடுத்துரைத்தார். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986 ஆம் ஆண்டு மின்கருவிகள் வரும்வரை கனேரிகள் அப்பணியைச் செய்தன. மயங்கிய குருவிக்கு மூச்சளிக்கப் பிராணவாயுக் குப்பி பொருத்திய கூடுகளும் இருந்தன. பறவையின் உயிருக்காகவும் கூட்டிலே ஓர் உறுப்பு சேர்க்கப்பட்டதை அங்கே காண்கிறோம்.

நம்மவர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்றழைக்கும் சிறு கிளியை 1840 ஆம் ஆண்டில் அவுத்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுவந்தவர் சோன் கூல்ட் என்னும் பறவையியலாளர். பெருங்கூட்டமாக வெளிகளில் அலையும் இப்பறவை, சிறு கூட்டிலும் இனம் பெருக்க வல்லதாதலால் உலகமெங்கும் பரவிற்று. வணிகம் பெருக, நெரிசலும் பெருகியது. 1929, 1930 ஆம் ஆண்டுகளிலே தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேற்றிய கிளிகளால் ‘கிளிக்காய்ச்சல்’ பல நாடுகளிற் பரவி மனிதரையும் மாய்த்தது. நெருக்கி அடைத்த கூட்டின் துன்பம் கூட்டுக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை என்பதற்கு அந்நோய் சான்று.

வினாவின் போக்கை மாற்றியது 1965 ஆம் ஆண்டு. பிரித்தானிய அரசு அமைத்த பிராம்பெல் குழு, பண்ணை உயிர்கள் எழவும், படுக்கவும், திரும்பவும், தம் உடலைக் கோதவும், உறுப்புகளை நீட்டவும் இடம் பெறவேண்டும் என்று அவ்வாண்டிலே அறிக்கையிட்டது. எத்தனை உயிர்களை அடைக்கலாம் என்று கணக்கிட்ட காலம் போய், ஓருயிர் எவற்றைச் செய்ய இடம் வேண்டும் என்று கேட்கும் காலம் தொடங்கிற்று. 2012 ஆம் ஆண்டுமுதல் ஐரோப்பிய ஒன்றியத்திலே வெறுங்கம்பிக் கோழிக்கூடுகள் தடைசெய்யப்பட்டன. கூட்டிலே வைப்பதாயின் கோழியொன்றுக்கு 750 சதுர சென்ரிமீற்றரும், முட்டையிட மறைவிடமும், அமரக் கோலும் கட்டாயமாயின.

அளவுகோலை அடைப்பவனிடமிருந்து வாங்கி அடைபட்டதனிடம் கொடுத்த மாற்றம் இது. 2009 ஆம் ஆண்டிலே செட்டிகுளத்து முகாம்களில் முட்கம்பிக்குள் ஒரு கூடாரத்தைப் பல குடும்பத்தார் பகிர்ந்து வாழ்ந்தனர். அவர்கள் மீண்டு வந்து வாழும் மல்லாவி போன்ற ஊர்களிலே, சிற்றிடம் என்பதன் பொருளை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. அதனை அறிந்தவர் கையாலே அமையும் கூடு, அறியாதவர் அமைப்பதினும் விசாலமாக இருத்தல் வேண்டும்.

அதற்குரிய முறைகள் சிலவே. பறவை மேல்கீழாகப் பறப்பதில்லை, குறுக்காகவே பறக்கும். ஆகவே உயர்ந்த கூட்டிலும் நீண்ட கூடு நன்று. வட்டக் கூடு ஆகாது. ஒடுங்கிய சிறு கூடுகள் நான்கினும், நீண்ட கூடு ஒன்று ஒத்த இனத்திற்கு உகந்தது. ஆயினும் பெருங்கிளியையும் சிறுகுருவியையும் ஒன்றாக விடலாகாது. அமரும் கோல்களை இரு கோடியிலும் வைத்து நடுவிடத்தைப் பறப்பதற்கு விடுக. உணவுக் கிண்ணம் ஒன்றானால் வலியது உண்ணும், மெலியது பட்டினி கிடக்கும். ஆதலின் அவை பல இடங்களில் இருக்கட்டும். குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் சோடிக்கு இரண்டாக, ஒரே உயரத்திலே தொங்கினாற் சண்டை குறையும். புதிதாக வாங்கிய பறவையை ஒரு மாதமேனும் தனியே வைத்துப் பார்த்தல் வேண்டும். இடமின்மையாற் கூடுகளை அடுக்க நேரின், ஒவ்வொன்றின் அடியிலும் எச்சம் ஏந்தும் தட்டு வேண்டும். வன்னி வெயிலிலே தகரக் கூரையின்கீழ்க் கூடு வைப்பது பறவையை வேகவைப்பதற்கு ஒப்பாகும். கிடுகு வேய்ந்த நிழலே தக்கது. பாம்பும் பூனையும் உலவும் ஊராதலின் அரை அங்குலத்திற்கு மேற்படாத வலையும், தரையிலிருந்து மூன்றடி உயரமும் இன்றியமையாதன.

பனைப் பொந்திலிருந்து கிளிக்குஞ்சை எடுத்துவரும் வழக்கம் முற்றாக ஒழிதல் வேண்டும். இலங்கையின் 1937 ஆம் ஆண்டு விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் காட்டுயிர்களைக் காப்பதற்கே இயற்றப்பட்டது. கூட்டிலே பிறந்த பறவையை மட்டுமே கூட்டிலே வளர்த்தல் முறையாகும்.

சிற்றிடத்திற் பலர் கூடி வாழும் கலையைக் காண விழைவோர் வயலோரப் பனையையோ நீர்க்கரை மரத்தையோ அண்ணாந்து நோக்குக. தூக்கணாங்குருவிகளின் கூடுகள் ஓர் ஓலையிலேயே பல தொங்கும். எனினும் ஒவ்வொன்றுக்கும் தனி வாயில், தனி அறை, காற்றோட்டம் எல்லாம் உண்டு. அவற்றை அமைத்த குருவி எந்த நூலையும் கற்றதில்லை. கம்பியும் சட்டமும் வாங்கும் முன்னர் பிள்ளைகளை அம்மரத்தடிக்கு அழைத்துச் சென்று, ஒரு மணி நேரமேனும் அதனைப் பார்த்திருக்கச் செய்வது பெற்றோர் கடனாகும்.