தொடுவுணர்வின் இழப்பும் மீட்பும்: தொழுநோய்ப் புறநரம்பு ஆய்வின் தென்னக வரலாறு

முன்னுரை

மூளையும் தண்டுவடமும் நடு நரம்பு மண்டலம் எனப்படும். அவற்றிலிருந்து கிளைத்துக் கை, கால், முகம், தோல் ஆகியவற்றை அடைவன புறநரம்புகள். தொடுதல், சூடு, குளிர், வலி ஆகியவற்றை மூளைக்கு உணர்த்துவனவும் தசைகளை இயக்குவனவும் இவையே. புறநரம்புகளைத் தாக்கும் நோய்களுள் மனித வாழ்வோடும் சமூக ஒழுங்கோடும் நெடுங்காலம் பிணைந்திருந்தது தொழுநோய். தோல்நோயாகவே கருதப்பட்ட அது, அடிப்படையில் ஒரு நரம்புநோய் என அறியப்பட்ட வரலாற்றையும், அவ்வறிவு திருவனந்தபுரம் முதல் வேலூர் வரையிலான நிலப்பரப்பில் விளைவித்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் இந்நோய் குட்டம், பெருநோய், தொழுநோய் எனப் பல பெயர்களால் வழங்கியது. சித்த மருத்துவ நூல்கள் குட்டத்தை 18 வகையாகப் பகுப்பன. சுசுருதரின் வடமொழி மருத்துவ நூலும் குட்டத்தை 18 எனக் கொண்டு, உணர்விழப்பு, புண், விரல் குறைதல் ஆகியவற்றை அதன் அறிகுறிகளாகக் கூறுகிறது. உணர்விழப்பைப் பண்டை மருத்துவர் கண்டிருந்தனர் என்பது இதனால் தெளிவாகும். ஆயினும் அவ்வுணர்விழப்பிற்கு இடமாகிய உறுப்பு எது என்பது அன்று பிரித்தறியப்படவில்லை.

‘நரம்பு’ என்னும் சொல்லின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. சங்க இலக்கியத்தில் இச்சொல் யாழின் தந்தியைக் குறித்தது. உடலைப் பற்றிய வழக்கில் குருதிக்குழாய், தசைநாண், உணர்வு கடத்தும் இழை ஆகிய மூன்றிற்கும் பொதுப்பெயராக நின்றது. இன்றைய பேச்சுவழக்கிலும் ஊசி போடுவதற்கு ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று கூறுவதைக் கேட்கலாம். மேலை உடற்கூற்றியல் தமிழில் எழுதப்பட்ட 19-ஆம் நூற்றாண்டிற்குப் பிறகே உணர்வும் இயக்கமும் கடத்தும் இழைக்கு மட்டும் உரிய கலைச்சொல்லாக அது இறுகியது. எனவே தொழுநோயை ‘நரம்புநோய்’ எனச் சொல்லும் தொடருக்கு இன்றுள்ள துல்லியமான பொருள் அண்மைக்காலத்ததே எனலாம்.

ஊளம்பாறையும் நூறநாடும்

1847-இல் நார்வே நாட்டு மருத்துவர்களான டேனியல்சனும் போயக்கும் இந்நோயை முடிச்சு வகை, உணர்விழப்பு வகை என இரண்டாகப் பிரித்து விளக்கினர். 1873-இல் அதே நாட்டின் ஹான்சன் நோய்க்குரிய நுண்ணுயிரைக் கண்டறிந்தார். கிருமியே காரணம் என்ற அறிவு, நோய் பிறவிப் பழியன்று என மெய்ப்பித்தது. ஆனால் அதே அறிவு தொற்று பற்றிய அச்சத்தையும் பெருக்கியது. பிரித்தானிய இந்தியாவில் 1898-இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம், வறிய நோயாளரை ஒதுக்கிவைப்பதற்கு வழிசெய்தது.

திருவிதாங்கூர் அரசும் இக்கால ஓட்டத்திற்கு விலக்கன்று. இன்று மனநல மருத்துவமனையால் அறியப்படும் திருவனந்தபுரத்து ஊளம்பாறையில் முன்னர்த் தொழுநோயாளர்க்கென ஓர் இல்லம் இருந்தது. சித்திரைத் திருநாள் மகாராசாவின் ஆட்சிக்காலத்தில், 1934-இல், இன்றைய ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த நூறநாட்டில் தொழுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. தலைநகரிலிருந்து நோயாளர் அங்கு மாற்றப்பட்டனர். மருந்தில்லாத அக்காலத்தில் இடமாற்றமே மருத்துவமாக இருந்தது. சால்முக்ரா எண்ணெய் ஒன்றே பரவலாக வழங்கப்பட்டது. அதன் பயனோ மிகச் சிறிது.

செங்கற்பட்டில் எழுந்த வினா

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர் இராபர்ட் காக்ரேன். 1940-களில் சல்போன் மருந்துகளை இந்தியாவிற்குக் கொணர்ந்தோருள் அவர் முதன்மையானவர். டாப்சோன் மாத்திரை கிருமியை ஒடுக்கியது. ஆயினும் நோய் தணிந்தவரின் விரல்கள் கொக்கிபோல் மடங்கியே இருந்தன, உள்ளங்காற்புண்கள் ஆறவில்லை. மருந்து வெற்றிபெற்ற இடத்தில் உடல் ஏன் சிதைந்துகொண்டிருந்தது என்பதே அன்றைய வினா.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டு, 1947-இல் செங்கற்பட்டிற்குச் சென்றபோது இவ்வினாவை எதிர்கொண்டார். மடங்கிய விரல்களையுடைய நோயாளியின் கையைப் பற்றியபோது, அதன் பிடி வலிமையாக இருந்தது அவருக்கு வியப்பளித்தது. கை முழுவதும் அழுகுகிறது என்ற கருத்து உண்மையாயின் அவ்வலிமைக்கு இடமில்லை. எனவே சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன, அவற்றை இயக்கும் நரம்புகளே தாக்கப்பட்டுள்ளன என்ற முடிவிற்கு வழி பிறந்தது.

பிராண்டும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட ஆய்வுகள் இரண்டு செய்திகளை நிறுவின. ஒன்று, நரம்புகள் எல்லா இடத்திலும் ஒருசேரக் கெடுவதில்லை. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால், முகம் ஆகிய இடங்களில், தோலுக்கு அண்மையில் ஓடும் பகுதிகளிலேயே அவை வீங்கித் தடித்துக் கெடுகின்றன. உடலின் குளிர்ந்த பகுதிகளையே இக்கிருமி விரும்புகிறது என்பது இதற்குரிய விளக்கமாகும். நரம்பிழையைச் சூழ்ந்து காக்கும் ஸ்வான் உயிரணுக்களில் அது குடியேறுகிறது. அதனை எதிர்க்கும் உடலின் அழற்சியும் சேர்ந்து நரம்பை அழிக்கிறது.

மற்றொன்று, விரல்கள் நோயால் தாமாக உதிர்வதில்லை. வலியுணர்வு அற்றமையால் நோயாளர் சூடான பாத்திரத்தைப் பற்றினர், முள்ளின்மேல் நடந்தனர், புண்ணோடு உழைத்தனர். உறங்கும்போது எலி கடித்ததும் உணரப்படவில்லை. நாள்தோறும் நிகழ்ந்த இக்காயங்களே விரல்களைக் குறைத்தன. துன்பம் எனக் கருதப்பட்ட வலி, உடலின் காவலன் என்பது இதனால் புலனாயிற்று.

பண்டுவமும் மறுவாழ்வும்

காரணம் தெளிந்ததும் பண்டுவம் மாறியது. கிருமி தாக்காத மேற்பகுதியில் நரம்பு பெறும் முன்கைத் தசைகள் நலமாக இருந்தன. அத்தகைய தசையொன்றின் நாணை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தும் அறுவை வேலூரில் 1948 அளவில் தொடங்கியது. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. எனினும் கை திருந்தியவரை ஊர் ஏற்கவில்லை, தொழிலும் கிட்டவில்லை. ஆகவே நவஜீவ நிலையம் தொடங்கப்பட்டுத் தச்சு முதலிய தொழில்கள் பயிற்றப்பட்டன. 1955-இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது. அதே ஆண்டில் செங்கற்பட்டு நிலையம் நடுவண் அரசின் பயிற்சி, ஆய்வு நிறுவனமாயிற்று. உணர்வற்ற பாதத்தைக் காக்கும் நுண்துளை இரப்பர் செருப்பும் இவ்வாய்வுகளின் பயனே. இன்று நீரிழிவால் பாதவுணர்வு இழந்தோர்க்கும் இதே நெறியில் காலணி வழங்கப்படுகிறது.

1981-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக்குழு ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் ஆகிய கூட்டுமருந்துகளைப் பரிந்துரைத்தது. கிருமியை இவை வெல்கின்றன. ஆனால் இறந்த நரம்பை மீட்பதில்லை. நரம்பழற்சி தொடங்கிய சில திங்களுக்குள் ஸ்டீராய்டு அளித்தால் இழப்பைப் பெரிதும் தடுக்கலாம். எனவே முன்னறிதலே முதன்மை பெறுகிறது. உணர்வற்ற தேமல், தடித்த நரம்பு, தோற்சுரண்டலில் கிருமி ஆகிய மூன்றும் நோயறிதலின் அடையாளங்கள். பஞ்சு, நைலான் இழை ஆகிய எளிய கருவிகளாலேயே உணர்விழப்பை அறியலாம்.

எளிய ஆய்வில் ஐயம் தீராதவிடத்து நரம்பின் கடத்துவேகத்தை அளப்பதும் நரம்புத் துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்வதும் தேவையாகும். நீரிழிவு, உயிர்ச்சத்துக் குறைவு, மரபுக்கோளாறு ஆகியவற்றால் விளையும் புறநரம்பு நோய்களிலிருந்து தொழுநோயைப் பிரித்தறிய இவை உதவுவன. 1951-இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், 1976-இல் பணி தொடங்கி 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசியச் சிறப்பு நிறுவனமாகிய சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் நரம்பியல் மருத்துவத்தை இந்நகரில் நிலைபெறச் செய்தன. நூறநாட்டு இல்லம் எழுந்த காலத்து மன்னரின் பெயரையே நரம்பியலுக்குரிய இந்நிறுவனமும் தாங்குவது நினைக்கத்தக்கது. ஒதுக்கலிலிருந்து ஆய்விற்கு ஒரு நாடு கடந்த தொலைவை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம் காட்டுகிறது.

இலக்கியமும் சட்டமும்

தோப்பில் பாசியின் ‘அசுவமேதம்’ என்னும் மலையாள நாடகம் 1962-இல் அரங்கேறியது. நோய் நீங்கிய பெண்ணைக் குடும்பம் ஏற்க மறுப்பதே அதன் மையம். கிருமி உடலை விட்டு நீங்கியும் அச்சம் மனத்தை விட்டு நீங்கவில்லை என்பதை அது காட்டியது. கேரள அரசு 2018-இல் தொடங்கிய தொழுநோய் கண்டறி இயக்கத்திற்கு இந்நாடகப் பெயரையே இட்டது.

2005 இறுதியில் இந்தியாவில் நோயாளர் விகிதம் பதினாயிரவருக்கு ஒருவர்க்கும் குறைவாயிற்று. 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் கொண்ட விதிகள் 2019-இல் அகற்றப்பட்டன. கூட்டுமருந்து வந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரே சட்டம் மருத்துவத்தை எட்டியது.

முடிவுரை

தொழுநோய் புறநரம்பின் நோய் என அறிந்தமையே அதன் வரலாற்றில் திருப்புமுனையாகும். அவ்வறிவு விரல் குறைதலுக்குப் பழியன்று, வலியின்மையே காரணம் எனக் காட்டியது. மடங்கிய கையை நிமிர்த்தியது. ஒதுக்கலுக்கு அடிப்படையின்மையை உணர்த்தியது. அதனை நிறுவிய ஆய்வுகளுட் சிறந்தவை தமிழ்நிலத்தில் நிகழ்ந்தன. நோயுற்ற நரம்பு உணர்வை இழந்தது. நலமுற்ற சமூகமோ உணர்விருந்தும் உணராதிருந்தது. முன்னதற்கு மருந்து கிடைத்த அளவு விரைவில் பின்னதற்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.