மனப்பாடமும் வாழ்க்கைப்பாடமும்



ஜூபிலி என்றதும் நமக்குக் கொடியேற்றமும், தேர்ப்பவனியும், பேராயர் தலைமையில் கூட்டுத் திருப்பலியும், மதியப் பந்தியும் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் ஜூபிலி என்னும் சொல்லின் வேரை நாம் மறந்துவிடலாகாது. 'யோபேல்' என்ற எபிரேயச் சொல்லிலிருந்து அது பிறந்தது. ஆட்டுக்கிடாயின் கொம்பு என்பது அதன் பொருள். ஐம்பதாம் ஆண்டின் ஏழாம் மாதம் பத்தாம் நாளன்று அந்தக் கொம்பு இஸ்ரயேல் நாடெங்கும் முழங்க வேண்டும் என்கிறது லேவியர் நூல் 25ஆம் அதிகாரம். அது முழங்கியதும் வறுமையால் விற்ற நிலம் விற்றவன் கைக்குத் திரும்பும். அடிமையாய்ப் போனவன் தன் குடும்பத்திற்குத் திரும்புவான். நிலம் கடவுளுடையது, மனிதர் அதில் தங்கியிருக்கும் அந்நியரே என்பது அச்சட்டத்தின் அடிப்படை.

ஆக, ஜூபிலி என்பதே இறைவசனம் ஒன்று வயலுக்கும் வாசலுக்கும் இறங்கி வருவதற்கு இடப்பட்ட பெயர். ஆகவே இந்த மலரில், இறைவசனம் தமிழ்க் கத்தோலிக்கரின் அன்றாட வாழ்வில் எப்படி இறங்கியது என்ற வரலாற்றைச் சுருக்கமாய்க் கூறி, வடக்குத்தில் வாழும் நாம் அதை எப்படி வாழ வேண்டும் என்றும் சிந்திக்க விரும்புகிறோம்.

மணியோசையில் தொடங்கிய மறைக்கல்வி

1542ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கிருந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தும், அவர்களுக்குக் கற்பிக்க ஆளில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த சிலரை உடன் வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த ஜெபம் முதலியவற்றைத் தமிழாக்கினார். பிறகு கையில் மணியை எடுத்துத் தெருத்தெருவாய் அடித்துச் சென்று சிறுவர்களைக் கூட்டி, வரிவரியாய்ச் சொல்லிக்கொடுத்தார். மணப்பாட்டுக் கடற்கரையிலும் பிற ஊர்களிலும் நம் மறைக்கல்வி இவ்வாறு மனப்பாடத்தில் தொடங்கியது.

ஆனால் அது மனப்பாடத்தோடு நின்றுவிடவில்லை. நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு வரும். ஒரு குருவால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? தாம் கற்பித்த சிறுவர்களையே அவர் அனுப்பி வைத்தார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, கற்ற ஜெபத்தை நோயாளியின் தலைமாட்டில் சொன்னார்கள். காலையில் மனப்பாடம், மாலையில் நோயாளி சந்திப்பு! இதைவிடச் சிறந்த மறைக்கல்வித் திட்டம் இன்னும் எழுதப்படவில்லை என்றே நாம் எண்ணுகிறோம். அவர் ஒவ்வோர் ஊரிலும் விட்டுச்சென்ற 'கணக்கப்பிள்ளை'மார்தாம் பிற்கால உபதேசியார்களின் முன்னோடிகள்.

அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைத் துறைபோகக் கற்று, 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூலை அச்சிட்டு முடித்தார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. அது முழு விவிலியம் அன்று, ஞானோபதேச நூல். எனினும் கர்த்தர் கற்பித்த ஜெபம் மத்தேயு 6ஆம் அதிகாரம் அல்லவா? அருள் நிறைந்த மரியே என்னும் மந்திரத்தின் முதற்பாதி லூக்கா முதல் அதிகாரத்தில் வானதூதரும் எலிசபெத்தும் கூறிய வாழ்த்து அல்லவா? எழுத்தறியாத நம் பாட்டிமார், ஜெபமாலை மணிகளை உருட்டிக்கொண்டு விவிலிய வசனத்தைத்தான் சொல்லி வந்தார்கள். கத்தோலிக்கருக்கு வசனம் தெரியாது என்று எவரேனும் சொன்னால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் பக்கத்து முனிவர்

நம் ஊரிலிருந்து விருத்தாசலம் வழியே சென்றால் கோணான்குப்பம் வரும். அங்குள்ள புனித பெரியநாயகி அன்னை திருத்தலம் வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்தது. 1680இல் இத்தாலியில் பிறந்த அப்பெருமகனார் இம்மண்ணின் தூசியை மிதித்து நடந்தவர். அவர் 1726இல் இயற்றிய 'தேம்பாவணி' 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம். அதன் நாயகர் யார் தெரியுமா? அரசரோ படைத்தலைவரோ அல்லர். உளியும் வாய்ச்சியும் பிடித்து உழைத்த சூசையப்பர். தச்சுத் தொழிலாளியைக் காப்பிய நாயகராக்கிய அந்த நூல், தொழிலாளர் நிறைந்த நம் பங்கிற்கு எவ்வளவு பொருத்தம்! 1955இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக அறிவித்ததற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் அவருக்கு மகுடம் சூட்டப்பட்டுவிட்டது.

அதே முனிவர் உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' என்ற உரைநடை நூலையும் எழுதினார். தலைப்பைக் கவனியுங்கள். வேதியரின் அறிவு என்றோ நாவன்மை என்றோ அவர் பெயரிடவில்லை. ஒழுக்கம் என்றே பெயரிட்டார். வசனத்தைச் சொல்பவனின் நடத்தைதான் அவ்வசனத்திற்கு முதல் விளக்கவுரை என்பதை அவர் அறிந்திருந்தார்.

புத்தகம் கைக்கு வந்த கதை

விவிலியத்தைத் தமிழில் அச்சேற்றிய பெருமையில் நம் பிரிந்த சகோதரர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இதை நன்றியோடு ஒப்புக்கொள்வது நம் கடமை. கத்தோலிக்கரிடையே, 16ஆம் நூற்றாண்டுப் பிளவின் காயத்தால், தாய்மொழி விவிலியத்தைப் பொதுநிலையினர் அனுமதியின்றி வாசிக்கலாகாது என்ற கட்டுப்பாடு எழுந்தது. புத்தகம் பெரும்பாலும் பீடத்தில் இருந்தது. மக்கள் கையில் ஜெபமாலையும் ஜெபப்புத்தகமும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் புதுவை மிஷன் குருக்களும், இயேசு சபையின் திரிங்கால் அடிகளாரும் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தபோது பாதை திறந்தது.

கதவு முழுதும் திறந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில்தான். 1963 டிசம்பர் 4இல் வெளியான திருவழிபாட்டுச் சாசனம், விவிலியக் கருவூலத்தை மக்களுக்குத் தாராளமாய்த் திறந்துவிடப் பணித்தது. 1965 நவம்பர் 18இல் வெளியான இறைவெளிப்பாடு பற்றிய சாசனமோ, ஆண்டவரின் திருவுடலை வணங்குவதுபோல் திருச்சபை மறைநூலையும் வணங்கி வந்துள்ளது என்று அறிவித்தது. 1969இல் புதிய வாசக நூல் வந்தது. ஞாயிறுதோறும் மூன்று வாசகங்கள், மூன்றாண்டுச் சுற்றில் மத்தேயு, மாற்கு, லூக்கா. இலத்தீனில் கேட்டுப் பழகிய செவிகள் தாய்மொழியில் எசாயாவையும் ஆமோசையும் கேட்கத் தொடங்கின. நம் மறைமாவட்டத்துத் திண்டிவனத்தில் உள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் இப்பணியில் ஆற்றிய தொண்டு பெரிது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. இன்று அது நம் வீடுகளில் உள்ளது. கைப்பேசியிலும் உள்ளது.

வசனம் தாயத்து அன்று

புத்தகம் கைக்கு வந்தாயிற்று. ஆனால் ஒரு புதிய ஆபத்தும் உடன் வந்தது. வசனத்தை அது நிற்கும் இடத்திலிருந்து பிய்த்தெடுத்து, தாயத்துப்போல் கட்டிக்கொள்வது! கோவிலின் உச்சியில் அலகையும் திருப்பாடலைத்தான் மேற்கோள் காட்டியது என்பதை மத்தேயு 4ஆம் அதிகாரம் நமக்கு எச்சரிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. புத்தாண்டு வசன அட்டையிலும், வரவேற்பறைச் சுவரிலும் நாம் மிகுதியாய்க் காண்பது எரேமியா 29:11. நமக்கெனக் கடவுள் வகுத்துள்ள திட்டம் கேட்டுக்கானதல்ல, நல்வாழ்வுக்கானது என்பது அதன் கருத்து. அருமையான வசனம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? தேர்வு எழுதும் மாணவனுக்கோ, வேலைக்கு மனுப் போட்டவனுக்கோ அன்று. சொந்த ஊரை இழந்து பாபிலோனுக்குக் குடிபெயர்க்கப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் அனுப்பிய கடிதம் அது. முன்வரிகளைப் படியுங்கள்: போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்து வையுங்கள், அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறார். மீட்பு வர எழுபது ஆண்டாகும் என்றும் ஒளிக்காமல் கூறுகிறார். உடனடிப் பலன் தரும் மந்திரமாய் அல்ல, பேரனுக்காக மரம் நடும் பொறுமையாய் அவ்வசனம் தரப்பட்டது. இதைப் புரிந்துகொள்ள நெய்வேலிக்காரரைவிடத் தகுதியானவர் யார்?

பழுப்பு நிலக்கரி மண்ணில்

ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் 1930களில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956 நவம்பர் 14இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணில் பட்டது. மறு ஆண்டே மின்சாரம் பிறந்தது. தமிழகத்தின் விளக்குகள் எரிந்தன. அதற்காகப் பல கிராமங்கள் வயலையும், முந்திரித் தோப்பையும், முன்னோர் கல்லறையையும் விட்டு எழுந்தன. அக்கதை முடிந்துவிடவுமில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது.

நம் ஆலயத்தில் ஒரே பாயில் அமர்ந்திருப்போர் யார்? நிலம் கொடுத்தவர் மகன் ஒருவர்; அந்நிலத்தில் வேலை பெற்ற நிரந்தரத் தொழிலாளி ஒருவர்; நிரந்தரம் ஆகுமா என்று ஆண்டுகளை எண்ணும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர்; ஓய்வு பெற்று, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, வடக்குத்தில் மனை வாங்கிக் குடியேறியவர் ஒருவர். இவர்கள் சமாதானம் கூறிக் கைகூப்பும் அந்த ஒரு நிமிடம், லேவியர் 25ஆம் அதிகாரத்தின் முன் நிற்கும் நிமிடம். இழப்பீட்டு வழக்கைப் பீடத்திலிருந்து தீர்க்க நம்மால் இயலாது. ஆனால், என் வீட்டில் எரியும் விளக்கு இன்னொருவர் கைவிட்ட வயலிலிருந்து வருகிறது என்ற அறிவு, என் பேச்சையும் நடத்தையையும் மாற்றியாக வேண்டும்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் மாலை ஐந்து மணி வரை சந்தைவெளியில் நின்றவர்கள், எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்றார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; அழைக்கப்படாதவர்கள். தோட்டக்காரர் அவர்களுக்கும் ஒரு தெனாரியம் கொடுத்தார். அது ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி, ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோறு. 1891இல் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல், உழைப்பவனின் வாழ்வுக்குப் போதாத கூலி நீதியாகாது என்று கூறியதும் இதே வழியில்தான். ஆகவே ஒரே வேலைக்கு இருவகைச் சீருடை அணிந்தவர்கள் நம் பங்கில் இருவகை மரியாதை பெறலாகாது. பங்குப்பேரவையிலும் பந்தியிலும் திருமணப் பேச்சிலும் இது சோதிக்கப்படும்.

இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம், கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுக்கச் சொல்கிறது. இது நிறுவனத்துக்கு மட்டுமா? நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கும், சுவர் எழுப்பும் கொத்தனாருக்கும் நாளைக்கு வா என்று சொல்லும்போது அவ்வசனம் நம் வாசலில்தான் நிற்கிறது.

தொடக்கநூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு கிணறு தோண்டுகிறார். ஊரார் சண்டைக்கு வருகிறார்கள். விட்டுக்கொடுத்து வேறொன்று தோண்டுகிறார், மீண்டும் சண்டை. மூன்றாம் கிணற்றில் சண்டையில்லை. அதற்கு இரகபோத்து, அதாவது விசாலமான இடம், என்று பெயரிடுகிறார். சுரங்கத்திற்காக ஆழத்து நீர் இடைவிடாது இறைக்கப்படும் நம் பகுதியில், போர்வெல் நீரைப் பக்கத்து வீட்டோடு பகிர்வது ஒரு விவிலியச் செயல்.

2020ஆம் ஆண்டு மே 7லும் ஜூலை 1லும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நேர்ந்தன. தொழிலாளர் பலர் மாண்டனர். ஒருவர் சுமையை ஒருவர் தாங்கச் சொல்லும் கலாத்தியர் 6ஆம் அதிகாரம், அத்தகைய வீடுகளுக்கு முதல் வாரம் மட்டுமல்ல, மூன்றாம் ஆண்டிலும் நாம் போகவேண்டும் என்கிறது. பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய அடுப்பு அணையாமல் பசித்தோருக்குச் சோறு தந்து வருகிறது. பசித்தோருக்கு நீங்களே உணவளியுங்கள் என்று சீடருக்குச் சொன்ன ஆண்டவரை வழிபடும் நமக்கு அது தினந்தோறும் கண்முன் நிற்கும் ஊக்கம்.

ஜூபிலித் தீர்மானங்கள்

ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் இந்த ஜூபிலி நினைவாக மூன்று காரியங்களை ஏற்க அன்புடன் வேண்டுகிறோம்.

முதலாவது, சனிக்கிழமை இரவில் மறுநாள் நற்செய்தியை வீட்டில் வாசியுங்கள். யார் ஷிப்டுக்குப் போயிருந்தாலும் இருப்பவர் வாசிக்கட்டும், பிள்ளைகள் வாசிக்கட்டும்.

இரண்டாவது, ஒரு வசனத்தைத் தனியே எடுக்காமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள பத்து வரிகளையும் படியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, அவ்வாரத்தில் அவ்வசனம் எந்த வீட்டுக்கு நம்மை அனுப்புகிறது என்று கேட்டு, அவ்வீட்டுக்குப் போய் வாருங்கள். சவேரியார் அனுப்பிய சிறுவர்கள் போனதுபோல.

நாசரேத்து ஊர்த் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை வாசித்துச் சுருட்டிக் கொடுத்த ஆண்டவர், அது இன்றே நிறைவேறிற்று என்றார் என லூக்கா 4ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர் வாசித்தது ஏழைகளுக்கான நற்செய்தியும், ஒடுக்கப்பட்டோரின் விடுதலையும், ஆண்டவரின் அருள்தரும் ஆண்டும் பற்றிய பகுதி. அந்த 'இன்று' வடக்குத்திலும் விடியட்டும். வார்த்தையான இறைமகன் நம் இல்லங்களில் குடியிருந்து, நம் அனைவரையும் நிறைவாய் ஆசீர்வதிப்பாராக!