சுங்கானும் பேனாவும்

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் சுங்கான் ஏதாவது கிடக்கிறதா? சுருட்டுக்குப் பேர்போன நம்ம ஊரில் பைப் பிடித்தவர்கள் குறைச்சல்தான். வெள்ளைக்கார துரைகள், சில வக்கீல்கள், அப்புறம் பழைய சினிமாவில் வரும் கோட்டு சூட்டு பணக்கார அப்பா! இருந்தால் எடுத்துப் பாருங்கள். மரக் கிண்ணம் மங்கியிருக்கும். வாயில் கவ்வும் கறுப்புத் தண்டு பச்சையும் பழுப்புமாக அசிங்கமாக நிற்கும். பூசணம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கந்தகம்!

கிண்ணம், மத்தியதரைக் கடலோரம் வளரும் பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டி. அதைச் சுங்கானாகக் கடையும் தொழில் 19-ம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் செயின்ட் க்ளாத் என்ற ஊரில் சூடுபிடித்தது. கிட்டத்தட்ட அதே சமயம், 1851-ல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் ஒரு காப்புரிமை வாங்கினார் (டயரில் பெயர் இருக்கிறதே சார்லஸ் குட்இயர், அவருடைய தம்பி). ரப்பரோடு கந்தகத்தைத் தாராளமாகக் கலந்து மணிக்கணக்கில் வேகவைத்தால் கருங்காலி மாதிரி கெட்டியாகிவிடும். அதுதான் எபோனைட். வெயிலும் காற்றும் பட்டால் உள்ளே இருக்கும் கந்தகம் மேலே வந்து நிறத்தைக் கெடுக்கும்.

சரி, திருத்தணியில் உட்கார்ந்துகொண்டு இதற்கு மெருகேற்ற எங்கே போவது? பித்தளை விளக்குக்குப் பாலீஷ் போடும் பட்டறையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அங்கே சுற்றுகிற துணிச் சக்கரம் உலோகத்துக்கான மசியைக் குடித்தது. வேகமும் ஜாஸ்தி. நம்ம ஊர் பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று. சூட்டில் எபோனைட் நாறும், வளையும். அதில் பாதி வேகம் போதும்.

கையால் தேய்த்தால் ஆகாதா என்கிறீர்களா? தண்டு ஓரளவு தேறும். கிண்ணத்துக்குப் பூசுவது பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் கிடைக்கும் கார்னோபா மெழுகு. உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உள்ளங்கைக்கு அந்தச் சக்தி ஏது? சக்கரத்தின் உரசல்தான் அதை உருக்கிப் பரப்பும்.

இனி, சுங்கானைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதே எபோனைட்டை அதே மாதிரி கடைந்து, அதே மாதிரி துணிச் சக்கரத்தில் மெருகேற்றியவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். பேனாக்காரர்கள்! ஆந்திராவில் ராஜமுந்திரியைச் சேர்ந்த ரத்னம் சுதேசிப் பேனா செய்தார். அதைக் காந்திஜியிடம் சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. கடைவீதியில் விற்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்று என்று 1935-ல் காந்திஜி ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு பேனாவுக்கு இதைவிட என்ன விளம்பரம் வேண்டும்?

திருத்தணியும் அப்போது தெலுங்கு ஜில்லாவான சித்தூரில்தான் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் போராடி, 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது. ஆனால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் பேனா கடைந்தார்கள். பால்பாயின்ட் பேனா வந்ததும் பல லேத்துகள் நின்றன. நிற்காத ஒன்று திருத்தணிக்குப் பக்கத்தில், திருவள்ளூரில் இருக்கிறது. ரங்கா என்ற பெயரில் கையால் கடைந்த எபோனைட் பேனாக்கள் அங்கிருந்து கடல் தாண்டிப் போகின்றன. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஆகவே மெஷினைத் தேடும் முன் எபோனைட்டில் கைப்பழக்கம் உள்ள ஆளைத் தேடுங்கள். பேனா கடைபவரோ, பழைய பேனா ரிப்பேர்காரரோ, யாராக இருந்தாலும் சரி. சக்கரத்தில் வைக்குமுன் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். கிண்ணத்திலிருந்து தண்டு வரை நீளும் மரக் கழுத்தின் பக்கவாட்டில் கம்பெனி பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். அந்த இடத்தில் சக்கரம் படவே கூடாது. சில விநாடி அழுத்தினாலும் எழுத்து மழுங்கிப் போகும். அப்புறம் அது யார் செய்த சுங்கான் என்று தாத்தாவே எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது!